பைக்கில் மொபைல் சார்ஜிங் சாக்கெட்: பேட்டரியிலிருந்து நேராகவா, சாவி வழியாகவா?

நெடுவழி (கேள்வி):

வணக்கம். என்னுடையது 150 சிசி பைக், ஃபியூயல் இன்ஜெக்‌ஷன், ஆறு வருடம் பழையது. சீட்டுக்கு அடியில் இருக்கும் பேட்டரியின் மேல் 12 வோல்ட், 4 ஆம்ப் ஹவர் என்று போட்டிருக்கிறது. நீண்ட தூரம் போகும்போது ஹேண்டில்பாரில் மொபைலை மாட்டி மேப் பார்த்துக்கொண்டு போவது வழக்கம். வெயிலில் திரையை முழு வெளிச்சத்தில் வைத்தால்தான் கண்ணுக்குத் தெரிகிறது. அப்படி வைத்தால் மதியத்துக்குள் சார்ஜ் தீர்ந்துவிடுகிறது. டேங்க் பையில் பவர் பேங்க் வைத்துப் பார்த்தேன். ஹேண்டிலைத் திருப்பும் ஒவ்வொரு முறையும் கேபிள் இழுபடுகிறது.

அதனால் யுஎஸ்பி சாக்கெட் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். பின்னால் சிவப்பு, கறுப்பு என்று இரண்டு வயர். இரண்டின் முனையிலும் பேட்டரி போல்ட்டில் மாட்டுகிற வளையம். பியூஸ் எதுவும் என் கண்ணில் படவில்லை. முன்பக்கம் சின்னதாக ஒரு வோல்ட் மீட்டர், நீல எழுத்தில் எரிகிறது.

இதை எங்கே இணைப்பது என்று கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். வழக்கமாக சர்வீஸ் செய்பவர் நேராக பேட்டரியில் மாட்டச் சொல்கிறார். நண்பன் ஹெட்லைட் வயரில் சேர்த்தால் போதும், சாவியை அணைத்தால் இதுவும் அணைந்துவிடும் என்கிறான். இன்னொருவர், இதையெல்லாம் மாட்டினால் சார்ஜிங் காயில் எரிந்துபோகும் என்று பயமுறுத்துகிறார்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். வேலை காரணமாகச் சில சமயம் இரண்டு மூன்று வாரம் பைக்கை எடுக்காமல் நிறுத்தி வைக்க வேண்டிவரும். பின்னால் டயருக்குக் காற்றடிக்கும் சின்ன பம்ப் ஒன்றும் வாங்கும் எண்ணம் இருக்கிறது. வேலையை நானே செய்ய ஆசை. மல்டிமீட்டர் இருக்கிறது, அடிப்படை வயரிங் தெரியும். எந்த வழி சரி?

இரட்டைச்சக்கரம்:

நான் நேராக பேட்டரியில்தான் மாட்டியிருக்கிறேன், நடுவில் ஒரு ஆன்/ஆஃப் சுவிட்ச். தினமும் ஓட்டுகிற வண்டி, இதுவரை பிரச்சினை இல்லை. சாவி இல்லாமலும் சார்ஜ் ஏறும் என்பது இதில் வசதி. டென்ட் போட்டுத் தங்கும்போது மொபைலைச் செருகிவிட்டுத் தூங்கலாம். பியூஸ் மட்டும் கட்டாயம் போடுங்கள். ரிலே (சின்ன கரண்டால் தானாகப் போட்டு அணைக்கிற சுவிட்ச்) அது இது என்று போனால் வேலைதான் அதிகம்.

வயரிங்மேசை:

பைக் வயரிங் பழுது பார்ப்பதுதான் என் தொழில். நீங்கள் கேட்டது என் மேசைக்கு அடிக்கடி வருகிற விஷயம், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன் தம்பி.

இரண்டு மூன்று வாரம் வண்டி நிற்கும் என்று எழுதினீர்களே, உங்கள் கேள்விக்குப் பதில் அதிலேயே இருக்கிறது. யுஎஸ்பி சாக்கெட்டுக்குள் 12 வோல்ட்டை 5 வோல்ட்டாகக் குறைக்கிற ஒரு சின்ன சர்க்யூட் இருக்கிறது. மொபைலைச் செருகாவிட்டாலும் அது சும்மா இருக்காது. வோல்ட் மீட்டர் விளக்கும் சேர்ந்தால் 15 மில்லி ஆம்ப் வரை இழுப்பது சாதாரணம். பார்க்க ஒன்றுமில்லாத மாதிரிதான் இருக்கும். ஆனால் 15 மில்லி ஆம்ப் 24 மணி நேரம் ஓடினால் 0.36 ஆம்ப் ஹவர். உங்கள் பேட்டரியில் இருப்பதே 4. பாதி இறங்கினாலே ஸ்டார்ட்டர் திணறும். அதாவது ஒரு வாரத்தை ஒட்டியே வண்டி எடுக்காது. அதற்குப் பிறகும் அப்படியே நின்றால் பேட்டரி தகடுகளில் சல்பேட் படிந்து, திரும்ப சார்ஜ் ஏற்றினாலும் பழைய பலம் வராது. இன்ஜெக்‌ஷன் வண்டியில் வோல்ட் குறைந்தால் பெட்ரோல் பம்ப், இசியு (இன்ஜினைக் கட்டுப்படுத்துகிற கம்ப்யூட்டர்) இரண்டும் சரியாக வேலை செய்யாது. தள்ளி ஸ்டார்ட் செய்வதும் கார்புரேட்டர் வண்டி போல அவ்வளவு சுலபமில்லை.

மேலே நண்பர் சொன்ன சுவிட்ச் தினமும் ஓட்டுகிறவருக்குச் சரி. ஒரு நாள் அணைக்க மறந்தாலும் மறுநாள் ஓட்டும்போது ஏறிவிடும். உங்களுக்கு அது ஒத்துவராது. சாவியை எடுத்ததும் தானாகச் செத்துப்போகிற இணைப்புதான் உங்களுக்கு வேண்டும்.

அதற்காக ஹெட்லைட் வயரில் கை வைக்காதீர்கள். பல சின்ன வண்டிகளில் ஹெட்லைட்டுக்குப் போவது பேட்டரி கரண்ட் இல்லை. இன்ஜின் சுற்றும்போது கரண்ட் உண்டாக்குகிற ஸ்டேட்டர் காயிலிலிருந்து நேராக வரும் ஏசி, அதாவது திசை மாறி மாறி ஓடுகிற கரண்ட். ஐடிலிங்கில் ஹெட்லைட் மங்கி, ஆக்ஸிலேட்டர் கொடுத்தால் பளிச்சென்று ஆனால் பெரும்பாலும் அந்த ரகம்தான். யுஎஸ்பி சார்ஜர் டிசிக்குச் செய்தது, ஏசி கொடுத்தால் உள்ளே எரிந்துவிடும். உங்கள் வண்டியில் ஹெட்லைட் டிசியாகவே இருந்தாலும் அங்கே ஏற்கெனவே 35 வாட்டோ 55 வாட்டோ ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த வயரை வெட்டி ஒட்டுப்போட்டு, இரவில் ஓட்டும்போது ஒட்டு விட்டுப்போனால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். மொபைல் சார்ஜுக்காக ஹெட்லைட்டைப் பணயம் வைக்கக்கூடாது.

நான் செய்து தருவது ரிலே முறை. நான்கு கால் ரிலே, காலுக்கு அருகிலேயே எண் அச்சிட்டிருக்கும்: 30, 85, 86, 87. பேட்டரி ப்ளஸ்ஸிலிருந்து பியூஸ், பியூஸிலிருந்து 30. 87-இலிருந்து சார்ஜரின் சிவப்பு வயர். 86-க்குச் சாவி போட்டால் மட்டும் 12 வோல்ட் வருகிற ஏதாவது ஒரு வயர். 85 மைனஸுக்கு. சாவி போட்டதும் ரிலே டக்கென்று பிடிக்கும், சார்ஜருக்குக் கரண்ட் பேட்டரியிலிருந்து நேராகப் போகும். சாவி வயரிலிருந்து ரிலே காயில் எடுத்துக்கொள்வது 0.15 ஆம்ப் அளவுதான், கம்பெனி வயரிங்குக்கு அது சுமையே இல்லை. சாவியை எடுத்தால் இழுப்பு பூஜ்யம்.

சாவி வயர் எங்கே கிடைக்கும்? டெயில் லேம்ப் கனெக்டரில் பாருங்கள், சீட்டைக் கழற்றினால் கைக்கு எட்டும். இல்லையென்றால் பிரேக் சுவிட்ச்சுக்கு வருகிற வயர். மல்டிமீட்டரை டிசியில் வைத்து, சாவி போட்டால் 12-க்கு மேல், எடுத்தால் பூஜ்யம் என்று காட்டுகிறதா என்று உறுதி செய்யுங்கள். அதே இடத்தில் மீட்டரை ஏசிக்கு மாற்றி, இன்ஜின் ஓடும்போதும் ஒரு முறை பாருங்கள். வயர் நிறத்தை நம்பாதீர்கள், கம்பெனிக்குக் கம்பெனி மாறும். இசியு, பெட்ரோல் பம்ப், ஏபிஎஸ், சென்சார் பக்கம் போகிற எந்த வயரையும் தொட வேண்டாம்.

இப்போது பியூஸ். பலரும் இதை சார்ஜரைக் காப்பாற்ற என்று நினைத்து சார்ஜருக்குப் பக்கத்தில் போடுகிறார்கள். பியூஸ் காப்பது வயரை. அதனால் அது பேட்டரி ப்ளஸ்ஸிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். பியூஸுக்கும் பேட்டரிக்கும் நடுவில் இருக்கிற வயருக்கு எந்தப் பாதுகாப்பும் கிடையாது. அந்த நீளம் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது.

ஒரு வண்டியைப் பற்றிச் சொல்கிறேன். சார்ஜர் வேலை செய்யவில்லை என்று கொண்டுவந்தார்கள். டேங்கைத் தூக்கினேன். சார்ஜர் வயர், ஃபிரேமின் கழுத்துக்குப் பக்கத்தில், டேங்க் அடித்தகட்டின் மடிந்த விளிம்புக்குக் கீழே போயிருந்தது. ஓடுகிற அதிர்வில் விளிம்பு இன்சுலேஷனைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்து, செம்பு வெளியே வந்து, மழைத்தண்ணீர் பட்டுப் பச்சை பிடித்திருந்தது. ஒரு நாள் அது ஃபிரேமைத் தொட்டிருக்கிறது. நடுவில் பியூஸ் இல்லை. 4 ஆம்ப் ஹவர் பேட்டரிதானே என்று நினைக்க வேண்டாம், ஷார்ட் ஆனால் பல பத்து ஆம்ப் கொட்டும். அந்த ஒற்றை வயர் தலை முதல் வால் வரை உருகி, கூடவே கட்டியிருந்த கம்பெனி வயர்களின் இன்சுலேஷனையும் சேர்த்து ஒட்டவைத்துவிட்டது. மேலே இருந்தது பெட்ரோல் டேங்க். தீப்பிடிக்காமல் விட்டது அவர்களுடைய நல்ல நேரம். முழு ஹார்னஸையும் (கம்பெனி வயர்க் கட்டு) பிரித்து ஒவ்வொரு வயராக மாற்ற வேண்டியிருந்தது. உங்கள் சார்ஜரில் பியூஸ் இல்லை என்று படித்ததும் எனக்கு அந்த வண்டிதான் நினைவுக்கு வந்தது.

ஒரு சதுர மில்லிமீட்டர் தடிமன் உள்ள பல இழை செம்பு வயர் எடுங்கள், 5 ஆம்ப் பிளேடு பியூஸ் போடுங்கள். 5 ஆம்ப் வெளிர் பழுப்பு நிறத்தில் வரும், 10 என்றால் சிவப்பு, 15 என்றால் நீலம். போகிற வழியில் பியூஸ் போய்விட்டது என்று கையில் கிடைத்த நீலத்தைச் செருகுவது, பியூஸே வேண்டாம் என்று சொல்வதற்குச் சமம்.

காயில் எரியும் என்ற பயத்துக்கும் ஒரு வார்த்தை. யுஎஸ்பியில் 5 வோல்ட், 2 ஆம்ப் என்றால் 10 வாட். மாற்றும்போது ஏற்படும் இழப்பையும் சேர்த்தால் பேட்டரி பக்கம் ஒரு ஆம்ப்புக்குக் கொஞ்சம் கீழே. 18 வாட் வேக சார்ஜர் என்றாலும் 1.6 ஆம்ப் சுமார். ஒரு பிரேக் பல்பே 21 வாட் எடுக்கிறது. பெரும்பாலான பைக்குகளில் ஸ்டேட்டர், இன்ஜின் வேகத்துக்கு ஏற்ப முடிந்த மட்டும் கொடுத்துக்கொண்டே இருக்கும். மிஞ்சுவதை ரெகுலேட்டர் ஷார்ட் செய்து வெப்பமாக்கிவிடும். மொபைலுக்குப் போகிற பத்து வாட், அப்படி வீணாகப் போகிற கணக்கிலிருந்துதான் வருகிறது. சூடேற்றும் கிரிப், கூடுதல் விளக்கு என்று ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றினால்தான் கணக்குப் போட வேண்டும்.

எதற்கும் தொடங்கும் முன் பேட்டரி முனைகளில் மூன்று அளவு எடுத்துப் போடுங்கள். இரவு முழுக்க நின்ற வண்டியில் சாவி போடாமல் ஒன்று. ஐடிலிங்கில் ஹெட்லைட் ஹை பீம் போட்டு, பிரேக்கையும் அழுத்திக்கொண்டு ஒன்று. 4000 ஆர்பிஎம்மில் ஒன்று.

நெடுவழி:

ரொம்ப நன்றி அண்ணா, இவ்வளவு விவரமாக யாரும் சொன்னதில்லை. இன்று காலை எடுத்த அளவுகள்: நின்ற நிலையில் 12.7, ஐடிலிங்கில் ஹை பீமும் பிரேக்கும் சேர்த்து 13.1, 4000-இல் 14.2.

டெயில் லேம்ப் கனெக்டரில் சாவி வயர் கிடைத்துவிட்டது. சாவி எடுத்தால் பூஜ்யம், இன்ஜின் ஓடும்போதும் டிசிதான். நண்பன் சொன்ன ஹெட்லைட் வயரையும் ஆர்வத்தில் அளந்து பார்த்தேன். மீட்டர் டிசியில் நிலையாக எதுவும் காட்டவில்லை, ஏசிக்கு மாற்றியதும் எண் வந்தது, ஆக்ஸிலேட்டரோடு ஏறி இறங்கியது. நீங்கள் சொன்னது அப்படியே.

இரண்டு சந்தேகம். ஒரு ஆம்ப்புக்காக ரிலே அவசியம்தானா, டெயில் லேம்ப் வயரிலிருந்தே சார்ஜருக்குக் கொடுத்துவிட்டால் என்ன? அப்புறம், காற்றடிக்கும் பம்ப்பையும் இதே ரிலேயில் சேர்க்கலாமா?

வயரிங்மேசை:

அளவுகள் நன்றாக இருக்கின்றன. நின்ற நிலையில் 12.6-க்கு மேல் என்றால் பேட்டரி நிறைவாக இருக்கிறது. ஐடிலிங்கில் எல்லாச் சுமையோடும் 13-ஐத் தாண்டுவதால் டிராஃபிக்கில் நிற்கும்போதும் பேட்டரி இறங்காது. அந்த எண் 12.6-க்குக் கீழே வந்திருந்தால் சாக்கெட்டை மாட்டும் முன் சார்ஜிங்கைச் சரி பாருங்கள் என்று சொல்லியிருப்பேன்.

ரிலே இல்லாமலும் ஓடும், உண்மைதான். பத்து வாட் சார்ஜர் ஒன்று மட்டும் என்றால் டெயில் லேம்ப் வயர் தாங்கும். ஆனாலும் நான் போட மாட்டேன். சார்ஜரிலோ கேபிளிலோ ஏதாவது ஷார்ட் ஆனால் போவது அந்த வரிசையின் பியூஸ். அதோடு டெயில் லேம்ப்பும் போகும், சில வண்டிகளில் மீட்டரும் ஹாரனும்கூட அதே பியூஸில் இருக்கும். பின்னால் லாரி வருகிற இரவில் டெயில் லேம்ப் அணைந்தது உங்களுக்குத் தெரியவே தெரியாது. தனி பியூஸ், தனி பாதை என்று பிரித்துவிட்டால் சார்ஜர் செத்தாலும் வண்டிக்கு ஒன்றும் ஆகாது. ஒரு ரிலேயும் அரை மணி நேர வேலையும் இதற்குப் பெரிய விலை இல்லை.

டெயில் லேம்ப் வயரை வெட்டாதீர்கள். வயரின் மேல் வைத்துக் கட்டிங் பிளேயரால் அமுக்கினால் கத்தி போல உள்ளே இறங்குகிற நீல நிற, சிவப்பு நிற கிளிப்களும் வேண்டாம். அவை உள்ளே இழைகளை வெட்டிவிடும், மீதி இழைகள் அதிர்வில் ஒவ்வொன்றாகப் போகும். அதே மாதிரி கனெக்டர் ஒரு ஜோடி வாங்கி, நடுவில் செருகுகிற குட்டி வயர் ஒன்று செய்து, அதிலிருந்து ஒரு கிளை எடுங்கள். என்றாவது கழற்ற வேண்டுமென்றால் வண்டி பழையபடி இருக்கும்.

இணைப்புகளை கிரிம்ப் செய்யுங்கள், அதாவது உலோக முனையை வயரோடு சேர்த்து நசுக்கிப் பிடிக்க வையுங்கள். சோல்டர் தவறு என்று சொல்ல மாட்டேன், ஆனால் ஈயம் இழைகளுக்குள் ஊறி அந்த இடம் கம்பி போல விறைத்துவிடுகிறது. விறைப்பு முடிகிற விளிம்பில்தான் வயர் ஆடி ஆடி ஒடியும். கிரிம்ப் செய்தபின் கையால் பலமாக இழுத்துப் பாருங்கள், கழன்று வந்தால் திரும்பச் செய்யுங்கள். மேலே உள்பக்கம் பசை தடவிய ஹீட் ஷ்ரிங்க் (சூடாக்கினால் சுருங்கிப் பிடிக்கிற குழாய்) போட்டால் தண்ணீர் ஏறாது.

பம்ப்பை இதில் சேர்க்க வேண்டாம். சின்ன பம்ப்பே 10 ஆம்ப் வரை இழுக்கும், உங்கள் ஒரு சதுர மில்லிமீட்டர் வயரும் 5 ஆம்ப் பியூஸும் அதற்கில்லை. பேட்டரியிலிருந்து 2.5 சதுர மில்லிமீட்டர் வயர், 15 ஆம்ப் பியூஸ், முனையில் இரண்டு முள் எஸ்ஏஈ கனெக்டர் என்று தனியாக எடுத்து சீட்டுக்கு அடியில் விடுங்கள், ரப்பர் மூடி போட்டு. இது நேராக பேட்டரியில் இருக்கலாம், எதுவும் செருகாதபோது அது வெறும் வயர்தான், இழுக்க ஒன்றுமில்லை. பம்ப் ஓடும்போது இன்ஜின் ஓடட்டும். வாரக்கணக்கில் வண்டியை நிறுத்தும்போது இதே கனெக்டரில் பேட்டரி சார்ஜரையும் செருகிக்கொள்ளலாம்.

மைனஸை ஃபிரேமில் கண்ட போல்ட்டில் மாட்டாமல் பேட்டரி மைனஸுக்கே கொண்டுபோங்கள். ஃபிரேமில் பெயின்ட்டும் துருவும் நடுவில் வரும். வேலை தொடங்கும்போது மைனஸை முதலில் கழற்றுங்கள், முடிக்கும்போது அதைக் கடைசியில் மாட்டுங்கள். மைனஸ் மாட்டியிருக்கும்போது ப்ளஸ் போல்ட்டைத் திருகுகிற ஸ்பானர் ஃபிரேமைத் தொட்டால் அங்கேயே தீப்பொறி.

மழைப்பயணி:

வயரிங் பற்றி அண்ணன் சொன்னதற்கு மேல் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. நான் மழையில் நிறைய ஓட்டுகிறவன், அதனால் சாக்கெட்டை எங்கே, எப்படி வைப்பது என்று மட்டும்.

பெட்டியின் மேல் ஐபி67 என்று போட்டிருப்பார்கள். ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் என்று அர்த்தம். மூடியிருக்கும்போது மட்டும். மொபைல் கேபிளைச் செருகிய நிமிடமே ரப்பர் மூடி திறந்துதான் இருக்கும், அந்த எண்ணுக்கு மதிப்பில்லை. வாய் வானத்தைப் பார்க்கிற மாதிரி வைத்தால் மழை நேராக உள்ளே இறங்கும், மூடி கொஞ்சம் இற்றுப்போனாலும் தேங்கி நிற்கும். கொஞ்சம் கீழ்நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். ஹேண்டில்பாரின் அடிப்பக்கம், இடது கை கிளட்ச் லிவருக்கு உள்பக்கம் நல்ல இடம். சாக்கெட்டுக்குப் போகிற வயரும் மேலிருந்து நேராக இறங்கக்கூடாது. ஒரு வளைவு கீழே போய் மேலே ஏறி சாக்கெட்டை அடைந்தால், வயரில் வழிகிற தண்ணீர் வளைவின் அடியிலேயே சொட்டிவிடும்.

பலமான மழை என்றால் கேபிளைப் பிடுங்கிவிட்டு மொபைலைப் பையில் போட்டுவிடுவேன். ஈரமான சார்ஜிங் துளையில் மின்சாரம் ஓடினால் முள் அரிக்கும், அதன்பிறகு எந்தக் கேபிளும் சரியாக உட்காராது. எவ்வளவு நல்ல சாக்கெட் மாட்டினாலும் மொபைல் பக்கத்துத் துளைதான் முதலில் போகிறது. அதிர்வில் பிளக் ஆடிக்கொண்டே இருப்பதால் எல் வடிவக் கேபிள் வாங்குங்கள், அதன் கழுத்தை மொபைல் தாங்கியோடு சேர்த்துக் கட்டுங்கள்.

கேமராவையும் கவனியுங்கள். இன்ஜின் அதிர்வு ஐபோன் கேமராவின் நடுக்கம் தடுக்கும் பாகத்தையும் ஆட்டோ ஃபோகஸையும் பாதிக்கலாம் என்று ஆப்பிளே 2021-இல் அறிவுறுத்தியது. மற்ற பல போன்களிலும் அதே மாதிரி மிதக்கும் லென்ஸ்தான். ரப்பர் டேம்பர் வைத்த தாங்கி கட்டாயம். பழைய போன் ஒன்று வீட்டில் கிடந்தால் மேப்புக்கு அதைப் பயன்படுத்துவது இன்னும் நல்லது.

வெயிலில் கறுப்புப் பையுறைக்குள் மொபைலைப் போட்டு வேகமாக சார்ஜ் ஏற்றினால் சூடாகி சார்ஜ் நின்றுவிடும். சாக்கெட் கெட்டுவிட்டது என்று அப்போது பிரித்துப் பார்க்க வேண்டாம்.

இரட்டைச்சக்கரம்:

சும்மா இருக்கும்போதும் சாக்கெட் இழுக்கிற கணக்கைப் படித்ததும் என் வண்டியில் அளந்தேன். சுவிட்ச் போட்ட நிலையில், எதுவும் செருகாமல், 11 மில்லி ஆம்ப். எனக்கு டென்ட்டில் சார்ஜ் வேண்டும், சுவிட்ச்சை வைத்துக்கொள்கிறேன். ஆனால் நெடுவழிக்கு ரிலேதான் சரி, ஒப்புக்கொள்கிறேன்.

நெடுவழி:

வேலை முடிந்தது. பியூஸ் பேட்டரிப் பெட்டியின் ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டது, விரலால் எட்டி மாற்றலாம். ரிலே சீட்டுக்கு அடியில், கால்கள் கீழே பார்க்க. வயரைக் கம்பெனி ஹார்னஸ் போகிற வழியிலேயே கொண்டுபோய், டேங்க் விளிம்பு வருகிற இடத்தில் நெளிவுக் குழாய் மாட்டி ஃபிரேமோடு கட்டினேன். கேபிள் டைகளை இறுக்கும் முன் ஹேண்டிலை இரண்டு பக்கமும் கடைசி வரை திருப்பிப் பார்த்தேன். வலது பக்கம் தாராளம். இடது பக்கம் முழுதாகத் திரும்பும்போது கழுத்துக்குப் பக்கத்தில் வயர் விறைத்தது. அங்கே மூன்று விரல் அளவு தளர்வு விட்டுத் திரும்பக் கட்டினேன்.

சாவி போட்டதும் ரிலே சத்தம் கேட்கிறது, மீட்டர் எரிகிறது. ஸ்டார்ட்டரை அழுத்தும்போது மட்டும் மீட்டர் 10-க்குக் கொஞ்சம் மேலே வரை இறங்கி, மொபைலில் சார்ஜ் ஒரு நொடி விட்டுத் திரும்ப வருகிறது. இது சாதாரணமா? சாவி எடுத்த நிலையில் இழுப்பு எவ்வளவு என்று எப்படி அளப்பது?

வயரிங்மேசை:

ஸ்டார்ட்டர் சுற்றும்போது அந்த இறக்கம் சாதாரணம்தான். சின்ன பேட்டரியிலிருந்து மோட்டார் அவ்வளவு இழுக்கிறது. 9-க்குக் கீழே போகத் தொடங்கினால் பேட்டரிக்கு வயதாகிவிட்டது. அந்த வகையில் உங்கள் நீல மீட்டர் உபயோகமானது, கண்ணை அதன் மேல் வைத்துக்கொள்ளுங்கள். மொபைலை இன்ஜின் ஓடிய பிறகு செருகுவது இன்னும் நல்லது.

இழுப்பை அளக்க: சாவியை எடுத்துவிட்டு மைனஸ் வயரைக் கழற்றுங்கள். மீட்டரின் சிவப்பு முள்ளை 10 ஆம்ப் துளைக்கு மாற்றி, கழற்றிய வயருக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவில் மீட்டரை வையுங்கள். எண் மிகச் சிறியதாக இருந்தால் மட்டும் மில்லி ஆம்ப் துளைக்கு மாறுங்கள். மீட்டர் நடுவில் இருக்கும்போது சாவியைத் திருப்பாதீர்கள், ஸ்டார்ட்டரைத் தொடவே கூடாது, மீட்டரின் பியூஸ் போய்விடும். இசியுவும் கடிகாரமும் எடுப்பதால் ஒன்றிரண்டு மில்லி ஆம்ப் காட்டலாம். அடுத்து உங்கள் 5 ஆம்ப் பியூஸைப் பிடுங்கிவிட்டுத் திரும்ப அளந்து பாருங்கள். இரண்டு எண்ணும் ஒன்றாக இருந்தால் நீங்கள் மாட்டியது எதையும் இழுக்கவில்லை.

முதல் நீண்ட பயணம் முடிந்ததும் சீட்டைக் கழற்றி ரிலே, பியூஸ் ஹோல்டர், பேட்டரி போல்ட் மூன்றையும் கையால் தொட்டுப் பாருங்கள். ஏதாவது ஒன்று மட்டும் மற்றதைவிடச் சூடாக இருந்தால் அங்கே இணைப்பு தளர்ந்திருக்கிறது. வெளிர் பழுப்பு பியூஸ் இரண்டு உதிரியாக டூல் பையில் போட்டு வையுங்கள்.

நெடுவழி:

அளந்தேன் அண்ணா. பியூஸோடு 1.2 மில்லி ஆம்ப், பியூஸ் இல்லாமலும் 1.2.